ஜப்பானில் எந்த ஊர் வீட்டில் குளிரும்?

ஜப்பானுக்கு வேலைக்கோ படிப்புக்கோ கிளம்புகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, "அங்கே குளிர் எப்படி?" எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால், ஜப்பான்தானே, எந்த ஊரானால் என்ன என்பது போலப் பார்ப்பார்கள். வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் தீவுக்கூட்டம் அது. வடக்கு முனையில் கடலில் பனிப்பாளம் மிதந்து வரும் மாதத்தில் தெற்கே ஒகினாவாவில் செர்ரி பூத்திருக்கும். சரி, இதுவரைக்கும் வரைபடத்தைப் பார்த்தாலே யாரும் ஊகித்துவிடலாம்: மேலே போனால் குளிர், கீழே வந்தால் வெயில். அங்கே குடியிருக்கப் போகிறவரை ஏமாற்றுவது இந்தக் கணக்குதான்.

குளிர்காலத்தில் ஜப்பான் முழுக்கச் சுமார் 2,200 வீடுகளுக்குள் வெப்பநிலையை அளந்த ஓர் ஆய்வு உண்டு. கூடத்தின் சராசரி வெப்பநிலை மிக அதிகமாக இருந்தது வடகோடி ஹொக்கைடோவில், 19.8 டிகிரி. மிகக் குறைவாக இருந்தது ககாவாவில், 13.1 டிகிரி. ககாவா எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்: தெற்கே ஷிகொக்கு தீவில், அமைதியான உள்கடலை ஒட்டி, ஆரஞ்சும் ஒலிவமும் விளைகிற மிதமான பகுதி. உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருக்கட்டும் என்கிறது. ஜப்பானில் கூடத்தின் நாட்டுச் சராசரியே அதற்குக் கீழே, படுக்கையறையின் சராசரி 13 டிகிரி அளவில்.

இன்னொரு கணக்கு இதைவிடக் கசப்பானது. டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதச் சராசரி மரணங்களை மற்ற மாதங்களின் சராசரியோடு ஒப்பிட்டால் எங்குமே குளிர்காலத்தில் கூடும். 2014ஆம் ஆண்டுப் புள்ளிவிவரத்தில் அந்தக் கூடுதல் மிகக் குறைவாக இருந்தது ஹொக்கைடோவில், சுமார் 10 சதவீதம். டோக்கியோவுக்கு வடக்கே இருக்கும் தொச்சிகியில் 25 சதவீதம். குளிர் அதிகமான இடத்தில் குளிரால் சாகிறவர்கள் குறைவு. வெளியே என்ன வானிலை என்பதைவிட, அந்த ஊர் எந்த வானிலையை எதிர்பார்த்து வீடு கட்டிவைத்திருக்கிறது என்பதே பெரிய விஷயம். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம்.

முதலில் பனி எங்கே விழுகிறது, ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இது புரிந்தால் பாதி ஜப்பான் புரிந்துவிடும். குளிர்காலத்தில் சைபீரியாவின் மேல் கனமான குளிர்காற்று தேங்கி உயர் அழுத்தமாக நிற்கும். கிழக்கே பசிபிக்கில் தாழ்வழுத்தம். மேற்கே உயர்வு, கிழக்கே தாழ்வு என்று அங்கே தினசரி வானிலை அறிக்கையில் இதைச் சொல்வார்கள். அங்கிருந்து இங்கே பாயும் வறண்ட காற்று ஜப்பான் கடலைத் தாண்டி வரவேண்டும். அந்தக் கடலிலோ தெற்கிலிருந்து வரும் த்ஸுஷிமா வெந்நீரோட்டம் ஓடுகிறது. வறண்ட காற்று வெதுவெதுப்பான கடலிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேகமாகித் தீவின் முதுகெலும்பாக ஓடும் மலைகளில் முட்டி, மேற்குப் பக்கத்தில் பனியைக் கொட்டித் தீர்த்துவிடும். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அதில் ஈரம் மிச்சமில்லை. அதனால் ஒரே நாளில், ஒரே மலையின் இந்தப் பக்கம் ஆளுயரப் பனி, அந்தப் பக்கம் நீலவானமும் தோல் வெடிக்கும் வறட்சியும். டோக்கியோவில் ஏறி அதிவேக ரயிலில் மேற்குப் பக்கத்து நிகாட்டாவுக்குப் போகிறவர்கள் 22 கிலோமீட்டர் நீளமுள்ள தாய்ஷிமிசு சுரங்கத்துக்குள் வெயிலோடு நுழைந்து பனிப்பொழிவில் வெளியே வருவார்கள். வடக்கு தெற்கைவிடக் கிழக்கு மேற்கு முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது ஹொக்கைடோ. அசாஹிகாவாவில் 1902 ஜனவரி 25 அன்று மைனஸ் 41 டிகிரி பதிவானது. நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலை இன்றும் அதுதான். அதே குளிர் அலையில்தான் ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷூவின் வடக்கே ஹக்கோதா மலையில் பயிற்சிக்குப் போன 210 ராணுவத்தினரில் 199 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட குளிரோடு விளையாட முடியாது என்பதால் ஹொக்கைடோ வீடு வேறு மாதிரி. சுவருக்குள் தடிமனான காப்பு, இரட்டைக் கண்ணாடி, வாசலில் கதவுக்கு முன்னால் இன்னொரு கதவு வைத்த சின்ன அறை, வீட்டுக்கு வெளியே நூற்றுக்கணக்கான லிட்டர் பிடிக்கும் மண்ணெண்ணெய்த் தொட்டி, அதிலிருந்து குழாய் வழியாக உள்ளே வரும் பெரிய ஹீட்டர். வெளியே மைனஸ் 10 இருக்கும்போது உள்ளே அரைக்கை பனியனோடு உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள் என்பது கேலிக்காகச் சொல்வதில்லை, அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். அங்கிருந்து டோக்கியோவுக்கு மாற்றலாகி வருகிறவர்கள்தான் "இங்கே என்ன இப்படிக் குளிருகிறது" என்று முதலில் புலம்புவார்கள்.

வீட்டுக்குள் சொகுசு, ஆனால் விதிமுறைகள் உண்டு. வெளியூர் போவதானால் குழாய்களில் இருக்கும் தண்ணீரை வடித்துவிட்டுப் போகவேண்டும், அதற்கென்றே வீட்டில் ஒரு திருகு இருக்கும். மறந்தால் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும், பழுது செலவு வாடகைக்கு இருப்பவர் தலையில் விழலாம். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 5 மீட்டர் பனி விழும் சப்போரோவில் ஏறத்தாழ 20 லட்சம் பேர் வாழ்கிறார்கள், இவ்வளவு பனியில் இவ்வளவு பெரிய நகரம் உலகிலேயே அபூர்வம். தெருவில் பனி அள்ளுவதற்கும் கொண்டுபோய்க் கொட்டுவதற்கும் மாநகராட்சி ஆண்டுக்கு 2,000 கோடி யென்னுக்கு மேல் செலவழிக்கிறது. சிக்னல் விளக்குகளைச் செங்குத்தாக வைத்திருப்பார்கள், படுக்கையாக வைத்தால் மேலே பனி தேங்கும். நடைபாதை முனைகளில் பெட்டியில் மணல் பொட்டலம் இருக்கும், வழுக்குகிற இடத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தூவலாம். முன்பெல்லாம் டயரில் ஆணி பதித்து ஓட்டினார்கள். ஆணி சாலையைச் சுரண்டி, பனி உருகும் மாதங்களில் நகரமே தூசியாகிவிட்டதால் 1990இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இப்போது மென்ரப்பர் குளிர்கால டயர். நடப்பதற்கு டயர் இல்லை, பாதத்தை மொத்தமாகத் தரையில் வைத்துக் குட்டிக் குட்டி அடியாக நடக்கவேண்டும், முதல் வருஷம் எல்லோரும் ஒருமுறையாவது விழுவார்கள்.

ஹொக்கைடோ தன் வீடுகளைக் குளிருக்காகவே கட்டியதன் பலனை இப்போது கோடையில் அனுபவிக்கிறது. ஏசி இல்லாத வீடு அங்கே சாதாரணம், பள்ளிகளிலும் அப்படித்தான் இருந்தது. 2019 மே 26 அன்று வடகிழக்குக் கரையோரம் இருக்கும் சரோமாவில் 39.5 டிகிரி. மே மாதத்தில், ஹொக்கைடோவில்! மலையைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்று அமுங்கிச் சூடேறுவதால் வந்த வினை. 2023 ஆகஸ்டில் சப்போரோவே 36.3 டிகிரியைத் தொட்டது. சூட்டை வெளியே விடாத வீட்டில் ஏசியும் இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

பனி அதிகம் என்றால் ஹொக்கைடோ என்று நினைப்பதும் தப்பு. குவிந்து கிடக்கும் பனியின் ஆழத்தில் சாதனை எல்லாம் ஹொன்ஷூவின் ஜப்பான் கடல் பக்கம்தான். அவோமோரியின் சுகாயு என்ற வெந்நீர் ஊற்று ஊரில் 2013 பிப்ரவரியில் 566 சென்டிமீட்டர். அது மலை, ஆனால் மக்கள் நெருக்கமாக வாழும் நகரமான தகாதாவில் (இன்றைய ஜோஎத்ஸு) 1945 பிப்ரவரியில் 377 சென்டிமீட்டர். அங்கே விழும் பனி, ஹொக்கைடோப் பனி போல ஊதினால் பறக்கும் தூள் இல்லை. வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே இருப்பதால் தண்ணீர் கோத்த, ஈரமான, கனத்த பனி. படிந்து இறுகிய பனி ஒரு கனமீட்டருக்கு 300 கிலோ என்று வைத்துக்கொண்டால், 100 சதுர மீட்டர் கூரைமேல் ஒரு மீட்டர் உயரம் நின்றாலே 30 டன். வீட்டின் தலையில் ஐந்தாறு யானையை ஏற்றிவைத்த மாதிரி. பழைய வீடுகளில் கதவு திறக்கச் சிரமப்பட ஆரம்பித்தால் கூரை கனக்கிறது என்று அர்த்தம்.

அதனால் கூரைமேல் ஏறி மண்வெட்டியால் பனியைத் தள்ளும் வேலை ஒரு குளிர்காலத்தில் பலமுறை வரும். நாட்டில் ஒவ்வொரு குளிர்காலமும் பனியால் டஜன் கணக்கில் ஆட்கள் இறக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் பனிப்புயலில் சிக்கியவர்கள் இல்லை, பனி அள்ளும்போது விழுந்தவர்களும் கூரையிலிருந்து சரிந்த பனியில் புதைந்தவர்களும்தான். அதிலும் முக்கால்வாசி வயதானவர்கள், ஏனென்றால் இளையவர்கள் டோக்கியோவுக்குப் போய்விட்டார்கள். பனிப் பிரச்சினை என்று அங்கே சொல்வது இன்றைக்கு முக்கியமாக ஆள் பிரச்சினை. ஒருவர் இறந்து வீடு பூட்டிக்கிடந்தால் அந்தக் கூரையின் பனி பக்கத்து வீட்டின் மேல் சரியும், அதற்கு யார் பொறுப்பு என்று ஊராட்சி தலையைப் பிய்த்துக்கொள்ளும்.

இந்தப் பகுதி ஆட்களின் யுக்திகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தகாதாவில் தெருவை ஒட்டிய வீடுகள் எல்லாம் தங்கள் சொந்த மனையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முன்னால் தாழ்வாரம் இறக்கியிருக்கின்றன. ஒரு வீட்டுத் தாழ்வாரம் அடுத்த வீட்டுத் தாழ்வாரத்தோடு சேர்ந்து கிலோமீட்டர் கணக்கில் நீளும், தெரு பனியில் மூழ்கினாலும் அதற்குள்ளேயே நடந்து கடைக்குப் போகலாம். நம் பக்கத்து வீதிகளில் திண்ணைகள் வரிசையாக இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள், அதன் மேல் கூரை அறுபடாமல் ஓடினால் எப்படியோ அப்படி. நாகாவோகாவில் 1960களின் தொடக்கத்தில் இன்னொன்று கண்டுபிடித்தார்கள்: நிலத்தடி நீர் குளிர்காலத்திலும் 13, 14 டிகிரி இருக்கும், அதைச் சாலை நடுவே பதித்த குழாயிலிருந்து பீச்சியடித்தால் பனி கரைந்து ஓடிவிடும். இன்று அந்தப் பகுதி முழுக்க அதுதான். தண்ணீரில் இரும்பு இருப்பதால் சாலைகள் துருநிறத்தில் சிவந்திருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் இறைப்பதால் சில இடங்களில் தரை அமிழ ஆரம்பித்து, இறைப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. புதிதாகப் போகிறவருக்கு ஒரு குறிப்பு: சாதாரண ஷூ போட்டுக்கொண்டு அந்தச் சாலையைக் கடந்தால் கணுக்கால் வரை நனைந்துவிடும், அங்கே ரப்பர் பூட்ஸ்தான் செருப்பு.

கொஞ்சம் தெற்கே கனாசவாவில் "சாப்பாட்டுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே" என்பது பழமொழி. வெயில், மழை, கல்மழை, பனி எல்லாம் ஒரே பிற்பகலில் வந்துபோகும். நமக்கெல்லாம் இடி என்றால் கோடை மழை. அங்கே டிசம்பரில்தான் இடி அதிகம், ஆண்டுக்கு 40 நாளுக்கு மேல் இடிக்கும். அந்தக் குளிர்கால இடிக்கு, பூரி என்ற மீனை எழுப்பும் இடி என்று பெயர், ஏனென்றால் கொழுத்த பூரி மீன் வலையில் படும் காலமும் அதுவே. (சாப்பிடும் பூரி இல்லை!) நவம்பர் 1 அன்று கென்ரோகுஎன் தோட்டத்தின் பைன் மரங்களுக்கு உச்சியிலிருந்து கூம்பு கூம்பாகக் கயிறு கட்டத் தொடங்குவார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ஈரப்பனியின் கனத்தில் கிளை முறியாமல் தாங்குவதற்காகக் கட்டுவது அது.

இனி டோக்கியோ. ஜனவரியில் பகலில் 10 டிகிரி, இரவில் 1 டிகிரி, பெரும்பாலும் பளிச்சென்ற வெயில். கேட்பதற்குச் சுகமாக இருக்கிறதா? வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். பழைய வாடகை வீடுகளில் ஒற்றைக் கண்ணாடி, அதைச் சுற்றி அலுமினியச் சட்டம், சுவரில் பேருக்குத்தான் காப்பு. குளிர்காலத்தில் வீட்டுச் சூட்டில் பாதிக்கு மேல் சன்னல் கதவு வழியாகத்தான் ஓடிப்போகிறது. காலையில் கண்ணாடி வியர்த்து, சட்டத்தில் தண்ணீர் வழிந்து, அந்த ஈரத்தில் திரைச்சீலையில் கறுப்புப் பூசணம் பிடிக்கும். ஏசியில் சூடு வைத்தால் சூடு கூரையில் நிற்கும், கால் விறைக்கும், காற்று காய்ந்து தொண்டை வறளும். முழு வீட்டையும் சூடாக்கும் பழக்கமே அங்கே இல்லை, ஆள் இருக்கும் இடத்தை மட்டும் சூடாக்குவார்கள்: அடியில் ஹீட்டர் பொருத்தி மேலே ரஜாய் போர்த்திய கொதாத்ஸு மேசை, படுக்கைக்குள் வெந்நீர்க் குடுவை, சட்டைக்குள் ஒட்டிக்கொள்ளும் சூட்டுப் பொட்டலம். கொதாத்ஸுவுக்குள் காலை நீட்டினால் அப்புறம் எழுந்திருக்க மனசு வராது என்பது வேறு விஷயம்.

ஏன் இப்படிக் கட்டினார்கள்? 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவி யோஷிதா கென்கோ, வீட்டைக் கோடையை நினைத்துக் கட்டு, குளிர்காலத்தில் எங்கேயும் வாழ்ந்துகொள்ளலாம் என்று எழுதிவைத்தார். கியோட்டோவின் புழுக்கத்தில் வாழ்ந்தவர் அப்படித்தான் சொல்வார். மரத்தூண், காகிதக் கதவு, தரைக்கடியில் காற்று ஓட இடம் என்று அந்த மரபு அப்படியே தொடர்ந்து, பிறகு காகிதத்துக்குப் பதில் அலுமினியமும் கண்ணாடியும் வந்தபோதும் எண்ணம் மாறவில்லை. எல்லாப் புது வீடுகளுக்கும் குறைந்தபட்ச வெப்பக் காப்பைச் சட்டம் கட்டாயமாக்கியது 2025 ஏப்ரலில்தான். இவ்வளவு பணக்கார நாட்டுக்கு இவ்வளவு தாமதம் எனக்குப் புரிவதே இல்லை.

இதில் உயிராபத்து இருப்பது குளியலறையில். சூடான கூடத்திலிருந்து எழுந்து, 10 டிகிரிக்குக் கீழே இருக்கும் உடை மாற்றும் அறையில் துணியைக் கழற்றி, 42 டிகிரி வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கினால் ரத்த அழுத்தம் ஏறி இறங்கி மயக்கம் வரும், தொட்டிக்குள்ளேயே மூழ்கிவிடுவார்கள். சாலை விபத்தில் இறக்கும் முதியோரைவிட இப்படிக் குளியல் தொட்டியில் இறக்கும் முதியோர் அதிகம். தண்ணீர் 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், 10 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், உடை மாற்றும் அறையை முதலில் சூடாக்கு என்று அரசு சொல்லிக்கொண்டே இருக்கிறது. பெற்றோரை ஜனவரியில் வரவழைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

அப்புறம் பனி. டோக்கியோவில் 5 சென்டிமீட்டர் விழுந்தால் ரயில் தடுமாறும், டயர் மாற்றாத கார்கள் மேம்பாலத்தில் நிற்கும். அவோமோரிக்காரர்கள் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரிப்பார்கள்.

வசந்தம் பற்றி எல்லோரும் செர்ரி பூவைச் சொல்வார்கள், நான் தும்மலைச் சொல்கிறேன். போருக்குப் பிறகு மரத்தேவைக்காக மலைமலையாக நட்ட சுகி மரங்கள் வளர்ந்து, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மகரந்தத்தைப் புகை போலக் கக்குகின்றன. 2019இல் எடுத்த நாடு தழுவிய கணக்கெடுப்பில் மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள் 42.5 சதவீதம். முதல் இரண்டு மூன்று வருஷம் ஒன்றும் செய்யாது, எனக்கெல்லாம் வராது என்று பெருமை பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் வரும். ஹொக்கைடோவின் பெரும்பகுதியிலும் ஒகினாவாவிலும் இந்தத் தொல்லை இல்லை.

ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை ட்ஸுயு என்னும் மழைக்காலம். ஒகினாவாவுக்கு ஒரு மாதம் முன்பே வந்துவிடும். கொட்டுகிற மழையைவிட, நாள் கணக்கில் காயாத ஈரம்தான் இதில் கஷ்டம். அலமாரியில் ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா வைத்தால் சில வாரங்களில் அது தண்ணீரால் நிரம்பியிருப்பதைப் பார்த்து மிரளுவீர்கள். மெத்தையைத் தரையிலேயே விட்டால் அடியில் பூசணம், தோல் செருப்பில் பூசணம், அறைக்குள் காயவைத்த துணியில் ஒரு ஊசல் நாற்றம். ஈரம் வாங்கும் இயந்திரம் ஒன்று வாங்கிவிடுங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மழை ஓய்ந்த மறுநாளே வெயில். மீண்டும் வரைபடம் ஏமாற்றும் இடம் இது. ஜப்பானில் வெயில் கொளுத்துவது தென்கோடி ஒகினாவாவில் இல்லை; நாஹாவில் 35 டிகிரி தாண்டும் நாள் அபூர்வம், சுற்றிலும் கடல், காற்று ஓடிக்கொண்டே இருக்கும். சாதனைகள் பெரும்பாலும் ஹொன்ஷூவின் உள்பகுதியில். டோக்கியோவுக்கு வடமேற்கே குமகாயாவில் 2018 ஜூலை 23 அன்று 41.1, 2025 ஆகஸ்ட் 5 அன்று குன்மாவின் இசெசாகியில் 41.8. டோக்கியோவின் கான்கிரீட் சூட்டைக் கடற்காற்று உள்ளே தள்ளிக்கொண்டு வரும், மேற்கே மலையிலிருந்து இறங்கும் காற்றும் சூடாகவே வரும், இரண்டுக்கும் நடுவில் இந்த ஊர்கள். வெயிலுக்குப் பழகிய ஊரிலிருந்து வருகிறோம், எங்களுக்கு இதெல்லாம் சாதாரணம் என்று நினைக்கவேண்டாம். இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் வாரக்கணக்கில் வரும், ரயிலுக்கும் அலுவலகத்துக்கும் நடந்தே போகிற நகரம் அது. 2021 முதல் வெப்பத்தாக்கு எச்சரிக்கை நாடு முழுக்க வெளியாகிறது. அதில் பார்ப்பது வெறும் வெப்பநிலையை இல்லை, ஈரத்தையும் வெயிலையும் சேர்த்துப் போட்ட குறியீட்டை, அது 33ஐத் தொடும் என்றால் எச்சரிக்கை. வெப்பத்தாக்கில் சாகிறவர்களில் நிறையப் பேர் வீட்டுக்குள்ளேயே, ஏசி இருந்தும் போடாத முதியவர்கள். கட்டட வேலை செய்கிறவர்கள் இடுப்பில் இரண்டு சின்ன விசிறி பொருத்திய உப்பலான சட்டை போட்டிருப்பார்கள். முதலில் பார்த்தால் சிரிப்பு வரும், ஒரு ஆகஸ்டுக்குப் பிறகு வராது. பார்லி வறுத்துப் போட்ட குளிர்ந்த கஷாயம்தான் வீட்டுக்கு வீடு மோர்.

மறுபடி ககாவா. வடக்கே ஒரு மலைத்தொடர், தெற்கே ஒரு மலைத்தொடர், குளிர்கால ஈரமும் கோடை ஈரமும் இரண்டு பக்கமும் தடுக்கப்பட்டு நடுவில் மாட்டிக்கொண்ட பகுதி. ஆண்டுக்கு 1,150 மில்லிமீட்டர் மழை. மலைக்கு அந்தப் பக்கம் கொச்சியில் (கேரளத்துக் கொச்சி இல்லை, பெயர்தான் ஒன்று) அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பெரிய ஆறும் இல்லாததால் ககாவாக்காரர்கள் குளம் வெட்டினார்கள்: நாட்டிலேயே பரப்பில் மிகச் சிறிய மாநிலம், குளங்களோ 12,000க்கு மேல். உடைந்துபோன மன்னோ குளத்தின் கரையை 821இல் சீர்செய்து கொடுத்தவர் கூகாய் துறவி. அந்தக் குளம் இன்றும் வயலுக்குத் தண்ணீர் விடுகிறது. நெல்லுக்குப் போதாத தண்ணீரில் கோதுமை போட்டார்கள், அதிலிருந்து வந்ததுதான் ஊருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த உதோன் நூடுல்ஸ். 1974இல் மலையைக் குடைந்து மறுபக்கத்து யோஷினோ ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தும், 1994இல் தகமாட்சு நகரில் நாளின் பெரும்பகுதி குழாயை மூடவேண்டி வந்தது. வெயிலும் மிதம், குளிரும் மிதம் என்று நினைத்ததால் வீட்டில் காப்பு போட யாருக்கும் தோன்றவில்லை, அதனால்தான் அந்த 13.1 டிகிரி.

ஒகினாவா வீட்டின் எதிரி புயல். பழைய வீடுகள் குள்ளமாக இருக்கும், பவளப்பாறைக் கல்லில் மதில், சுற்றிலும் புகுகி மரங்கள், சிவப்பு ஓடுகளைச் சுண்ணாம்புச் சாந்து வைத்து இறுக்கியிருப்பார்கள். போருக்குப் பிறகு கட்டியவை பெரும்பாலும் கான்கிரீட் பெட்டிகள், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி. மற்ற ஜப்பானியருக்கு விநோதமாகத் தெரியும் அந்தக் காட்சி நமக்குச் சொந்த ஊர் மாதிரி இருக்கும். 1966இல் மியாகோ தீவில் பதிவான வீச்சு நொடிக்கு 85.3 மீட்டர், மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். 2023 ஆகஸ்டில் 6ஆம் எண் புயல் ஒகினாவாவைக் கடந்துபோய், திரும்பி மறுபடியும் வந்தது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு மின்சாரம் இல்லை. அங்கே புயலுக்குப் பெயர் சொல்லமாட்டார்கள், எண்தான். எண் அறிவித்ததும் பால்கனியில் இருக்கும் கொடிக்கம்பு முதல் பூந்தொட்டி வரை உள்ளே வரும், குளியல் தொட்டியில் தண்ணீர் நிரம்பும், கடையில் ரொட்டி தீரும். புயல் போனபின் உப்புக் காற்று படிந்த காரைக் கழுவ வரிசை நிற்கும், கழுவாவிட்டால் துரு.

ககோஷிமாவில் மேலிருந்து விழுவது சாம்பல். சகுராஜிமா எரிமலை நகரத்துக்கு எதிரே விரிகுடாவில் நிற்கிறது, வானிலை அறிக்கையில் அதன் மேல் காற்று எந்தப் பக்கம் என்று தனியாகச் சொல்வார்கள். துணி காயப்போடலாமா என்பதை அதைக் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும். வாசலில் பெருக்கிய சாம்பலைப் போட மாநகராட்சியே மஞ்சள் பை கொடுக்கிறது.

கடைசியாக வெள்ளம், நம் ஆட்களுக்கு மிக நெருக்கமான விஷயம். 2018 ஜூலையில் மேற்கு ஜப்பானில் பெய்த பெருமழையில் ஒகயாமாவின் மாபி என்ற ஊர் மூழ்கி 50 பேருக்கு மேல் இறந்தார்கள். வெள்ள அபாய வரைபடத்தில் நகராட்சி ஏற்கெனவே நிறம் தீட்டிவைத்திருந்த பகுதியும் உண்மையில் மூழ்கிய பகுதியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. வரைபடம் இருந்தது, பார்த்தவர்கள் குறைவு. அதன் பிறகு 2020 ஆகஸ்டிலிருந்து, வீடு விற்றாலும் வாடகைக்கு விட்டாலும் அந்த வீடு வெள்ள வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டி விளக்கவேண்டியது தரகரின் கடமை. ஒப்பந்தத்துக்கு முன் வேகமாக வாசித்துவிட்டுப் போவார்கள். நிறுத்தி, எத்தனை மீட்டர் என்று கேளுங்கள்.

டோக்கியோவில் இந்தியர்கள் அதிகம் வாழும் இடம் நிஷி கசாய். 2000ஐ ஒட்டிக் கணினி வேலைக்கு வந்தவர்கள் அங்கே குடியேறி, இன்றைக்கு மளிகைக் கடையும் தோசையும் கிடைக்கிற பகுதி, தமிழ்க் குடும்பங்களும் நிறைய. அது எதோகாவா வட்டத்தில் இருக்கிறது. அந்த வட்டத்தின் நிலத்தில் 70 சதவீதம், ஓதத்தில் கடல் ஏறும் மட்டத்துக்குக் கீழே. ஆற்றுக்கரையும் கடற்சுவரும்தான் தண்ணீரை வெளியே நிறுத்திவைத்திருக்கின்றன. 2019 மே மாதம் வட்ட நிர்வாகம் வெளியிட்ட வெள்ள வரைபடத்தின் அட்டையில், தங்கள் வட்டத்தின் மேலேயே, "இங்கே இருக்கக்கூடாது" என்று அச்சடித்திருந்தார்கள். பெரிய புயல் ஆறுகளை உடைத்தால் ஆழமான இடங்களில் 10 மீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும், வடிய ஒன்றிரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும், பள்ளிக்கூட முகாம்களில் எல்லோருக்கும் இடம் போதாது, ஆகவே புயல் வருவதற்கு முன்பே வட்டத்தை விட்டு வெளியே போய்விடுங்கள் என்பது அதன் செய்தி. ஐந்து மாதம் கழித்து, அக்டோபரில், 19ஆம் எண் புயல் வந்தது. கரைகள் தாங்கின. ஊருக்கு வடக்கே கசுகாபேயில் தரைக்கு 50 மீட்டர் கீழே ஓடும் 6.3 கிலோமீட்டர் வெள்ளச் சுரங்கம் அன்று முழுமூச்சாக வேலை செய்தது.

வெளியே என்றால் எங்கே? ஓட்டலோ, மேட்டுப் பகுதியில் தெரிந்தவர் வீடோ, நீங்களே முன்கூட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளவேண்டும் என்கிறது அதே வரைபடம். புயல் கரையேறுவதற்கு ஒரு நாள் முன்பே ரயில்களை நிறுத்தப்போவதாக அறிவித்துவிடுவார்கள், அதற்குள் கிளம்பவேண்டும். மேற்கு டோக்கியோ பக்கம் யாராவது நண்பர் இருந்தால் செப்டம்பருக்கு முன்பே ஒரு வார்த்தை பேசிவையுங்கள்.